ஒருக்காத்தான் கேட்டாரு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தமாய்ச் சொல்கிற கதை இல்லை. ஒரு மனுசன் லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஒரு காலைப்பொழுது பூராவும் தனக்குள்ளேயே பேசிக்கொண்ட பேச்சு. தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

அவன் பேர் செங்கோடன். சங்ககிரிக்காரன். மீசை முளைக்கிற காலத்திலிருந்து லாரிப் பட்டறையில் கிடந்தவன். இப்போது கிடப்பது ஆஸ்திரேலியாவில், மில்லங்கா என்கிற ஊரில். கண்ணுக்கெட்டின மட்டும் கோதுமை, அதற்கப்புறம் செம்மண், அதற்கப்புறம் மறுபடியும் கோதுமை. அறுத்த கோதுமையை அள்ளிக்கொண்டு போக ரயில் மாதிரி நீளநீள லாரிகள் உண்டு. அந்த லாரிகளைப் பிரித்துப் பூட்டத்தான் ஆள் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் கடற்கரைப் பட்டணங்களுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அதனால் ராஸ் என்கிற பட்டறை முதலாளி ஏஜெண்டிடம் சொல்லி, 'இந்த ஆளுக்கு நான் பொறுப்பு' என்று சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டு, செங்கோடனை வரவழைத்துக்கொண்டார். அப்புறம் அவன் பொண்டாட்டி தெய்வானையும், மகள் மிருதுளாவும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஒரு கெடு இருக்கிறது. அது முடியப்போகிறது. முடிந்தால் மூன்று பேரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். முதலாளி மறுபடி கையெழுத்துப் போட்டு, நிரந்தரமாய் இருக்க எழுதிக் கேட்டால்தான் உண்டு. இவ்வளவுதான் சங்கதி. இனி அவன் மனசுக்குள் போய்விடலாம்.

போல்ட் வரவில்லை. பின்பக்க டிரெய்லரின் பிரேக்கைக் கழற்றி லைனிங் மாற்றுகிற வேலை, எல்லாம் வந்துவிட்டது, இந்த ஒன்று மட்டும் துருப்பிடித்து இரும்போடு இரும்பாய் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தான். எண்ணெய் ஊறவேண்டும், அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். முகத்துக்கு மேலே லாரியின் வயிறு, புழுதியும் கிரீசும் சேர்ந்து அப்பின கறுப்பு, அதில் எங்கோ மாட்டிக்கொண்ட கோதுமைத் தாள் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஈ ஒன்று மூக்கின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. ராஸ் இன்னிக்கு விசிலடிக்கலை. அதைத்தான் அவன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான், அடிக்காத விசிலை. மற்ற நாளெல்லாம் பட்டறைக் கதவைத் திறக்கிறபோதே ஆரம்பிப்பார், பாதிப் பாட்டுக்கு மேல் தெரியாது, அந்தப் பாதியையே சாயங்காலம்வரை. இன்னிக்கு உள்ளே வந்தார், "மார்னிங் செங்கோ" என்றார், செங்கோடன் என்று முழுசாய் அவர் வாயில் வராது, போய் ஆபீசு ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டார். கோவமா இருக்குமோ? கோவப்படறதுக்கு நான் என்ன பண்ணிப்போட்டேன். பண்ணித்தான் போட்டேன். நேத்துச் சாயங்காலம். வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அட கெரகமே, வேண்டாம்னா சொன்னேன்? வாய்தான் சொல்லிச்சு. கை கழுவிக்கிட்டு இருந்தேன், சோப்புத்தூளு கண்ணுல பட்டு எரிஞ்சுது, அவரு வந்து கதவுல சாஞ்சுக்கிட்டு, காலால ஒரு நட்டை உருட்டிக்கிட்டே, "செங்கோ, உன் விசா முடியுதே, நிரந்தரமா இருக்கறதுக்கு நான் எழுதிப் போடட்டுமா, உனக்கு வேணுமா?" என்று கேட்டார். கேட்டாரா இல்லையா? கேட்டார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தெய்வானை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, அலமாரிக்குள்ள இருக்கற முருகன் படத்துக்கு முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு நிக்கறா. அதைக் கேட்டவுடனே இவன் சொன்னான்: "அய்யோ, வேண்டாமுங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், பரவால்லீங்க." இங்கிலீஷில்தான் சொன்னான். ஆனால் சொன்னது பூராவும் சங்ககிரி. சொல்லிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான், அவர் இன்னொரு தடவை கேட்பதற்காக. துடைத்தான், துடைத்தான், நகத்துக்கு அடியிலெல்லாம் துடைத்தான். ராஸ் அவனைப் பார்த்தார். உதட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். "சரி, பரவாயில்லை. அப்ப நாளைக்கு மத்தியானம் ஏஜெண்டு கூப்பிடும்போது வேற ஆள் பாக்கச் சொல்லிர்றேன்" என்றார். வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நாளைக்கு மத்தியானம் என்றால் இன்னிக்கு மத்தியானம்.

ஸ்பானரை மாட்டி அழுத்தினான். வரவில்லை. மறுபடி எண்ணெய். ஒரு வீட்டுக்குப் போனா, "சாப்புடுங்க"ன்னா, "வேண்டாமுங்க, இப்பத்தான் உண்டுட்டு வர்றேன்"னு சொல்றவன்தான் மனுசன். வயிறு காய்ஞ்சு ஒட்டிக் கெடந்தாலும் அப்படித்தான் சொல்லணும். அவங்களும் அதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாங்க, "அட, ஒரு வாயி உண்டா என்னவாம்" என்பார்கள், "இல்லீங்க, எதுக்குங்க" என்று மறுபடி இழுக்கவேண்டும், அதற்குள் இலை விழுந்திருக்கும், அப்புறம் மூன்றாவது தடவை அவர்கள் குரல் உயரும், "உண்டுபோட்டுத்தான் போவோணும்", அப்போதுதான் உட்காரவேண்டும். பந்தியில் பாயசம் வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டி மறைப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா, போதும் போதும் என்பார்கள், ஆனால் கரண்டி நுழைகிற மாதிரி ஓர் இடம் விட்டுத்தான் மறைப்பார்கள். பரிமாறுகிறவனுக்கும் அந்த இடம் தெரியும். செங்கோடன் நேற்று இடம் விட்டுத்தான் மறைத்தான். ராஸுக்கு அது தெரியவில்லை, மூடின கையைத்தான் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனா உனக்குத் தெரியுமில்ல, உனக்குப் புத்தி எங்க போச்சு? வந்த புதுசுல அவரு வீட்டு விருந்துல பட்டது மறந்துபோச்சா? கொல்லையில் நெருப்பு மூட்டிக் கறி சுட்டார்கள், ஒன்று வைத்தார்கள், தின்றான், "இன்னொண்ணு?" என்றார் ராஸ், "அய்யோ வேண்டாமுங்க" என்றான், அந்த மனுசன் "சரி" என்று அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பசியோடு வீட்டுக்கு வந்து, ராத்திரி பழைய ரொட்டியை ஊறுகாயோடு தின்றான். அதே வருசம் குளிர்காலத்தில் ஒரு கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினார், "இதைப் போட்டுக்கோ." "உங்களுக்கு வேணுமேங்க, வேண்டாமுங்க." கோட்டு திரும்பிப் போய் ஆணியில் தொங்கிற்று. பட்டறையில் பல்லுக் கிடுகிடுக்க வேலை செய்துகொண்டே அந்த ஆணியைப் பார்ப்பான், கோட்டும் அவனைப் பார்க்கும். அதற்கப்புறம் பழகிக்கொண்டான். "டீ?" என்றால் முதல் தடவையே "யெஸ்." கேக்கு? யெஸ். வண்டியில கொண்டுபோய் விடட்டுமா? யெஸ். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஆத்தா எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி முதுகு கூசும், ஆனாலும் சொல்லப் பழகிவிட்டான். சின்னச் சங்கதிக்கெல்லாம் நாக்கு இந்த ஊருக்குப் பழகிக்கிச்சு. பெரிசா ஒண்ணு வந்தவுடனே நாக்கு மட்டும் பஸ்ஸேறி ஊருக்குப் போயிருச்சு. எவ்வளவு பெரிசோ அவ்வளவு பலமா வேண்டாம்னு சொல்லோணும், அதானே மரியாதை. ஒரு டீக்கு ஒரு வேண்டாம். ஒரு நாட்டுக்கு எத்தனை வேண்டாம்?

சரி, இப்ப எந்திரிச்சுப் போயி சொல்லு. படுத்திருக்கற சக்கரப் பலகையை உருட்டிக்கிட்டு வெளிய வா, நேரா ஆபீசு ரூமுக்குப் போ, "நேத்து நான் சொன்னது வேண்டாம்னு இல்லீங்க." அப்ப என்னன்னு கேட்டா? "வேணும்னுங்க." வேணும்னா ஏன் வேண்டாம்னே? அதற்குப் பதில் என்ன இருக்கிறது, அது இங்கிலீஷில் எந்த மூலையில் இருக்கிறது. தானாய்ப் போய் எனக்கு வேணும் என்று நிற்பது எப்படி? ஆத்தா எந்த வாசல்லயும் போயி நின்னதில்லை, அப்பன் செத்த வருசம்கூட, மாமன் மூட்டை அரிசியைத் தலையில வெச்சுக்கிட்டு வந்து, "வேண்டாம்னா ரோட்டுல கொட்டிப்போட்டுப் போயிருவேன்"னு கத்துன பிறகுதான் கதவைத் தொறந்துவிட்டா. அப்படிக் கத்தவேண்டும், கொடுக்கிறவன். மனசாரக் கொடுக்கிறவன் கத்துவான். ராஸ் ஏன் கத்தவில்லை? இந்த இடத்தில்தான் அவன் நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய்ச் சிக்கிக்கொண்டது, அந்த போல்ட் மாதிரி. ஒருக்காத்தான் கேட்டாரு. மனசோட கேட்டிருந்தா இன்னொருக்காக் கேட்டிருக்க மாட்டாரா? பேருக்குக் கேட்டாரோ? கேக்காம விட்டா நல்லா இருக்காதுன்னு கேட்டுட்டு, இவன் வேண்டாம்னதும், அப்பாடான்னு போயிட்டாரோ? அப்படியானால் அந்த உதடு? உள்ளே இழுத்துக்கொண்டாரே. அது நிம்மதிப்பட்ட உதடா? செங்கோடன் அந்த உதட்டை லாரியின் வயிற்றில் மறுபடி மறுபடி வரைந்து பார்த்தான். இல்லை. அந்த முகத்தை அவன் பார்த்திருக்கிறான், எங்கே, தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்து, வந்தவன் தொடாமல் எழுந்து போனால், வைத்தவளுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம். அய்யோ. அவருக்குத்தான் பொக்குனு போயிருச்சு. என் ஊரு வேண்டாமா, என் பட்டறை வேண்டாமான்னு நெனச்சிருப்பாரு. இத்தனை நாள் கூடவே நின்னு வேலை பாத்த மனுசன். தெய்வானை காச்சல்ல கெடந்தப்ப சூப்பு கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டு, கதவைக்கூடத் தட்டாமப் போனவரு. நான் இங்க, ஏன் இன்னொருக்காக் கேக்கலைன்னு படுத்துக் கெடக்கறேன், அவரு அங்க, ஏன் இவன் வேண்டாம்னான்னு உக்காந்திருக்காரு. நடுவில் ஒரு தகரச் சுவர்தான்.

துருப்பிடித்த போல்ட்டை இந்த மனுசன் விடுவாரா? அதையும் நினைத்துப் பார்த்தான். விடவே மாட்டார். எண்ணெய் அடிப்பார், நெருப்புக் காட்டுவார், தட்டுவார், கெட்ட வார்த்தை சொல்லுவார், மறுநாள் வந்து மறுபடி தட்டுவார். இரும்பு வரமாட்டேன் என்றால் நம்பமாட்டார், மனுசன் வேண்டாம் என்றால் ஒரே பேச்சில் நம்பிவிடுவார். அதுதான் அவர்கள் மரியாதைபோல. வாயால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது. நீ பெரிய மனுசன், நீ சொன்னா உன் மனசுல அதுதான் இருக்கும், நான் யாரு உன்னை மாத்தறதுக்கு, என்கிற மரியாதை. நல்ல மரியாதைதான், தெய்வானை கையில இருக்கற ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கிட்டுப் போகாத வரைக்கும்.

கடைசியில் அந்த நினைப்பு வந்தேவிட்டது. இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி அதற்கு வராமல் இருந்தான். தெய்வானைக்கு வண்டி ஓட்ட வரும். லாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு அத்தனை வருசமும் ஒரு ஸ்கூட்டரின் பின் சீட்டில், ஒருக்களித்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவள். இங்கே மோட்டலில் ரூம் துடைக்கிற வேலைக்குப் போக பஸ் இல்லை, அதனால் ராஸின் பழைய காரில், இந்த நேர் ரோட்டில், செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தக் கத்த, கற்றுக்கொண்டாள். "பிரேக்கு, பிரேக்கு!" "கத்தாதீங்க மாமா, எதுக்க மாடுகூட வரலை." இப்போது விடிந்ததும் எழுந்து, வேலைக்கு நேரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருத்தியாய் வண்டியை எடுத்துக்கொண்டு தானியக் கிடங்குவரை போய்விட்டு வருகிறாள். எதுக்கு அம்மிணி போறே என்றால், "சும்மாதான்" என்பாள். சும்மா. அவள் வாயில் அந்த வார்த்தையை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. சங்ககிரியில் அவள் சும்மா இருந்தது எப்போது? அண்ணன் குடும்பம், சித்தப்பா குடும்பம், ஒரே அடுப்பு, குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவார்கள். காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வரும்போது முகத்தில் காற்று பட்டிருக்கும், முடி கலைந்திருக்கும், ஏதோ ரகசியம் தின்றுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். அந்தக் கார்ச் சாவியை நான் எப்படித் திருப்பிக் கேட்டு வாங்குவேன். மிருதுளாவாவது எங்க போனாலும் பொழைச்சுக்கும். அது "யெஸ் ப்ளீஸ்"னு நெஞ்சை நிமுத்திச் சொல்லுது. முதல் தடவை கேட்டபோது அவனுக்கு ஒரு நிமிசம் வெட்கமாகவும், மறுநிமிசம் பொறாமையாகவும் இருந்தது. நேத்து ராத்திரி தெய்வா கேட்டா, "ஏனுங்க, அவரு ஏதாச்சும் பேச்செடுத்தாருங்களா?" இல்லைன்னு சொல்லிட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டு உண்டேன். அவ இன்னும் ரெண்டு கரண்டி போட்டா. வேண்டாம்னேன். போட்டா.

கார் சத்தம் கேட்டது. கியர் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சின் உறுமும், அது அவள்தான். மத்தியானம் ஆகிவிட்டது. பலகையை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். வெயில் கண்ணில் அறைந்தது.

தெய்வானை தூக்குப்போசியோடு இறங்கி வந்தாள், ஒரு டயரின் மேல் உட்கார்ந்தாள், மூடியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சோறு, நெய் வாசம். அவன் கை பூராவும் கிரீசு. இந்த மாதிரி நாளில் அவளே உருட்டி அவன் வாயில் கொடுத்துவிடுவாள், பட்டறையில் யார் பார்க்கப் போகிறார்கள். பிசைந்துகொண்டே அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். ஆபீசு ரூமுக்கு வெளியே, தன் வண்டியின் பின்பலகையில் தனியாய் உட்கார்ந்து, ராஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன்.

"ஏனுங்க, அவரு அக்கட்டால உக்காந்திருக்காரு, நீங்க இக்கட்டால மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கறீங்க. புதுசாக் கண்ணாலம் ஆனதுக சண்டை போட்ட மாதிரி இருக்குது."

"நேத்துச் சாயங்காலம் கேட்டாரு தெய்வா" என்றான்.

"என்னன்னு?"

"நிரந்தரமா எழுதிப் போடட்டுமான்னு."

அவள் கை நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"எத்தனை தடவை கேட்டாரு?"

"ஒருக்காத்தான்."

"ஒருக்காத்தானா!" என்றாள், அந்த மனுசனைத் தப்புச் சொல்கிற குரலில். "வேற ஆள் பாக்கறேன்னுட்டாரு, இப்ப ஏஜெண்டு போன் வரும்" என்று அவன் மென்று விழுங்கினான். அவள் மூடியில் சோற்றைக் குவித்தாள், ஒரு கரண்டியைச் செருகினாள், எழுந்து போனாள். "தெய்வா, வேண்டாம், வா" என்றான். அவள் திரும்பவில்லை. இவன் சொல்கிற 'வேண்டாம்' என்பதை அவள் என்றைக்குக் காதில் வாங்கினாள்.

ராஸுக்கு முன்னால் போய் நீட்டினாள். "தேங்க்ஸ், வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார். அவள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். "இல்லை, உண்மையிலேயே வேண்டாம்" என்று கையைத் தூக்கிக் காட்டினார். அவள் மூடியை அவர் மடியில் வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கரண்டியும் போட்டார்.

"பாத்தியா ராஸ்" என்றாள், மோட்டலில் கற்ற இங்கிலீஷில். "நீ ரெண்டு தடவை வேண்டாம்னே. இப்பத் திங்கறே. எங்க ஊருல மொத ரெண்டும் மரியாதைக்குச் சொல்றது. நேத்து என் வீட்டுக்காரரை நீ ஒரு தடவைதான் கேட்டே."

ராஸ் மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்தில் போன் அடித்தது. அது அடிக்க அடிக்க அவர் செங்கோடனையே பார்த்துக்கொண்டிருந்தார், நேற்று உள்ளே இழுத்துக்கொண்ட உதடு மெதுவாய் விரிந்தது. போனை எடுக்கவில்லை. சோற்று மூடியைக் கையில் பிடித்தபடியே எழுந்து, புழுதியில் நடந்து வந்தார், தெய்வானை அவருக்கு முன்னாலேயே ஓடிவந்து டயரில் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று, "செங்கோ, நிரந்தரமா இருக்கறதுக்கு எழுதிப் போடட்டுமா?" என்றார்.

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனுசன், கையில் சோற்றோடு, வெயிலில் நின்று, தன்னிடம் கேட்கிறார். என்ன சொல்லுவது இந்த மனுசனுக்கு. "அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றது அவன் வாய்.

தெய்வானை வானத்தைப் பார்த்தாள். ராஸ் தலையை ஆட்டிக்கொண்டார், கணக்குச் சரியாய் வருகிறது என்பதுபோல. இன்னும் ஓர் அடி கிட்ட வந்தார். குரலை உயர்த்தினார், கிட்டத்தட்டக் கத்தினார்: "செங்கோ! நான் எழுதிப் போடட்டுமா?"

அவன் வாய் திறந்தது. அது எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. தெய்வானைக்குத் தெரிந்தது. கையில் உருட்டி வைத்திருந்த அரிசிம்பருப்புச் சோற்றை, பெரிய உருண்டை, அப்படியே அந்த வாயில் வைத்து அழுத்தி, உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ராஸைப் பார்த்து, "யெஸ் ப்ளீஸ்" என்றாள்.